நார்ம் லவோய் வாங்கிய பழைய பூட்ஸ்

எங்கள் ஊரில் புது ஆள் யாராவது வந்தால் பார்வை முதலில் காலுக்குத்தான் போகும். பூட்ஸ் பளபளவென்று இருந்தால் மலைக்குப் புதுசு என்று அர்த்தம். தோல் கறுத்து, முனை தேய்ந்து, லேஸ் சாயம் போயிருந்தால் காபிக்கடையில்கூடத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். நியூ ஹாம்ப்ஷர் மலையடிவாரத்தில் பிழைக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. எனக்கும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில்தான் நார்ம் லவோய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக பூட்ஸ் விற்றார். நான் அதே கடையில் கல்லாவில் இருப்பவள். பெயர் க்ளென்டா. வாய் கொஞ்சம் நீளம் என்று முதலாளியே சொல்வார். அந்த வாய்கூட நார்மிடம் அடங்கிப் போகும், மனுஷன் வேலை செய்கிற விதம் அப்படி. வந்தவரை உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பார். காலையில் வந்தவர்களைச் சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கிய பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். கம்பளி சாக்ஸ் போடாமல் பூட்ஸைத் தொட விடமாட்டார். கடை நடுவே கல் பதித்த ஒரு சரிவுப் பலகை உண்டு. அதில் இறங்கி நடக்கச் சொல்லி, கட்டைவிரல் முனையில் இடிக்கிறதா என்று கேட்பார். இடிக்கிறது என்றால் எவ்வளவு விலை உயர்ந்த ஜோடியானாலும் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார்.

பழைய பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, இது போதாதா என்று கேட்பவர்களிடம் மட்டும் முகம் கடுகடுக்கும். மேல்தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சோலுக்கு மேலே இருக்கும் மெத்தைக்கு ஆயுசு உண்டு, போடாமல் பரணில் வைத்திருந்தாலும் அது உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும், நடுமலையில் வாயைப் பிளக்கும் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வார்.

பூட்ஸோடு சேர்த்து மலையையும் விற்பார். எந்தப் பாதையில் வேர் வழுக்கும், எந்த ஓடையைப் பனி உருகும்போது தாண்டக் கூடாது, எந்த உச்சியில் காற்று தொப்பியைப் பறிக்கும் என்று அவர் சொல்லக் கேட்டால், நேற்றுத்தான் அங்கிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருக்கும்.

உண்மை என்னவென்றால், அந்த மனுஷன் ஒரு மலைகூட ஏறியதில்லை. அது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

தெற்கே மில் ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர் அவர். சேர்ந்த புதிதில் யாரோ ஒரு வாடிக்கையாளர் ஒரு உச்சியின் பெயரைச் சொல்லி, ஏறியிருக்கிறீர்களா என்று கேட்க, தலையை ஆட்டிவிட்டார். அடுத்த வாரம் ஏறிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாராம். ஆனால் சனி, ஞாயிறுதான் கடையில் கூட்டம் நெரியும். பிறகு ஃப்ளோரிடாவுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. கையில் சின்னஞ்சிறு மகள் ஜோசலின். அம்மா வேண்டும் என்று அழும் பிள்ளையைத் தூங்கவைக்க, கடையில் காதில் விழுந்த மலைகளையெல்லாம் தானே ஏறியதாகக் கதை சொன்னார். எல்லாவற்றையும் ஒரே ஜோடித் தோல் பூட்ஸில் ஏறியதாகவும், அது பரணில் பத்திரமாக இருப்பதாகவும் கதை வளர்ந்துகொண்டே போனது. அப்புறம் நிஜமாகவே ஏறலாம் என்றால், மூச்சுத் திணறிக்கொண்டு புது பூட்ஸில் நிற்பதை ஊரில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும்? அந்த வெட்கம் அவரைக் கடைக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டது.

கடையில் நாங்கள் சேர்ந்து போகும்போதெல்லாம் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு தடவை முழங்கால் வலி, ஒரு தடவை சரக்கு எடுத்துவைக்கும் வேலை, ஒரு தடவை பார்த்த மலையையே எத்தனை தடவை பார்ப்பது என்ற சலிப்பு. பெரிய மனுஷருக்கு நம்மோடு வரப் பிடிக்கவில்லை என்று நான் குத்திக் காட்டியிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவார்.

ஜோசலின் வளர்ந்து, பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். ஓய்வு கிடைத்தால் மலைதான். எங்கள் பக்கம் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நாற்பத்தெட்டு மலைகளையும் ஏறி முடிப்பது ஒரு கிறுக்கு. கடைசி மலைக்கு வேண்டியவர்களையெல்லாம் அழைத்துப்போய் உச்சியில் கேக் வெட்டுவது வழக்கம். ஒவ்வொரு மலைக்கும் முன்னால் அவள் அப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். அவரும் தட்டாமல் சொல்வார். கடைசிக்கு கேரிகெய்ன் மலையை மிச்சம் வைத்திருந்தாள். செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, என் எதிரிலேயே கேட்டாள்.

"கடைசி மலை உன்கூடத்தான்ப்பா. அந்தப் பழைய பூட்ஸைப் போட்டுட்டு வா."

"அது எங்கயோ கெடக்கு. அது எதுக்கு இப்ப?"

"அதைப் போட்டுட்டு நீ மலையேறுறதை நான் ஒரு தடவ பாக்கணும். சின்ன வயசுலேருந்து ஆசை."

நார்ம் சரி என்றார். காது மடல் வரைக்கும் சிவந்து போனதைப் பார்த்தேன். பெருமையில் சிவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கே பூட்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மனுஷன் தனக்கு ஒரு ஜோடி தேட ஆரம்பித்தார். எங்கள் கடையில் எடுக்க வழியில்லை. ஊழியர் தள்ளுபடியை நான்தான் போட வேண்டும், நான் சும்மா இருப்பேனா? அதோடு அவருக்கு வேண்டியது புது பூட்ஸே இல்லை. ஒரு ஆயுசு உழைத்த மாதிரியும் இருக்க வேண்டும், அவர் காலுக்கும் சரியாக இருக்க வேண்டும். தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாது என்று மலையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து மாநிலமான மேய்னின் எல்லை தாண்டி ஒரு பழைய சாமான் கடைக்கு வண்டியை விட்டார். இதெல்லாம் பிற்பாடு அவர் வாயாலேயே நான் கேட்டது.

அலமாரி நிறையப் பழைய பூட்ஸ். மனுஷன் நல்லதை ஒதுக்கி, கெட்டதைத் தேடினார். ஒரு ஜோடிக்கு சோல் கெட்டியாக இருந்தது. ஆனால் தையல் இந்தக் காலத்துத் தையல், பார்த்ததும் தெரிந்துவிடும் என்று வைத்துவிட்டார். இன்னொன்று அசல் பழசு, ஆனால் ஒரு நம்பர் சின்னது. கடைசியாகக் கிடைத்தது ஒன்று. கறுப்பேறிய பழுப்புத் தோல், சாயம் போன சிவப்பு லேஸ், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கால் உள்ளே போனதும் கச்சிதமாக உட்கார்ந்தது. எவனோ ஒருத்தன் உண்மையாகவே ஏறி இறங்கிய பூட்ஸ். கண்ணாடியில் தன் காலைப் பார்த்தபோது, மகளுக்குச் சொன்னதெல்லாம் நிஜமாகவே நடந்த மாதிரி ஒரு நிமிஷம் தோன்றியதாம்.

பழக்கதோஷம், கட்டைவிரலால் சோல் மெத்தையை அழுத்தினார். காய்ந்த ரொட்டி மாதிரி ஒரு சின்ன வெடிப்பு விட்டது. கடையிலிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். இது ரொம்பப் பழசு, வெளியே பார்க்கத்தான் அழகு, பாதி வழியில் சோல் கழன்று வந்துவிடும், முதல் தடவையாக மலைக்குப் போகிறீர்களா, வேறு நல்லதாக எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். நார்ம் தினமும் அடுத்தவருக்குச் சொல்கிற அதே வார்த்தைகள். அவருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"போடறதுக்கு இல்லம்மா. வீட்டுச் சுவத்துல மாட்டி வெக்க" என்றார்.

வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே உட்கார்ந்திருந்தாராம். உள்ளே போய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியிருக்கிறது. பிறகு மகள் கேட்டது ஞாபகம் வந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் தாங்கினால் போதும் என்று, வீட்டுக்கு வந்து வெடிப்பில் பசையை ஊற்றி ஒட்டினார். இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது இப்படிச் செய்துவிட்டு வந்து நின்றிருந்தால் கடையைவிட்டே துரத்தியிருப்பார்.

ஏறிய அன்று நாங்கள் ஐந்து பேர். நார்ம், ஜோசலின், அவளுடைய சிநேகிதர்கள் வெண்டலும் ப்ரின்னும், நான். கேக் என் முதுகுப்பையில். நார்ம் வண்டியிலிருந்து காலைக் கீழே வைத்ததும் ஜோசலின் மண்ணில் மண்டி போட்டு அந்த பூட்ஸைத் தடவிப் பார்த்தாள். இதுதானா, இதுதானா என்று ரெண்டு தடவை கேட்டாள். வெண்டல் போட்டோ எடுத்தான். நார்ம் யார் முகத்தையும் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆரம்பத்தில் பாதை சமம்தான். ஓடையைத் தாண்டியதும் கல்லும் ஏற்றமுமாக ஆனது. நார்முக்கு மூச்சு இரைத்தது. கிழவருக்கு எண்ணெய் விட வேண்டும் என்று நான் கேலி செய்தேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வயசாகிவிட்டது, நீங்கள் முன்னால் போய்க் கேக்கைக் காப்பாற்றுங்கள் என்றார். நாங்கள் மூன்று பேரும் போனோம். ஜோசலின் அப்பாவோடு பின்தங்கினாள்.

உச்சியில் சுற்றிலும் பார்ப்பதற்காகக் கட்டிய காட்சிக் கோபுரத்தடியில் வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு ஜோசலினிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. கால் பிசகிவிட்டது, அப்பாவோடு இறங்குகிறேன், நீங்கள் கேக் வெட்டிக்கொள்ளுங்கள் என்று. அவள் வராமல் எங்களுக்கு எதற்குக் கேக்? டப்பாவைத் திறக்காமலே திரும்ப முதுகில் ஏற்றினேன். இத்தனை மலையில் ஒரு சுளுக்குகூட வராத பெண்ணுக்கு, கடைசி மலையில் போய் இப்படியா என்று புலம்பிக்கொண்டே இறங்கினேன்.

நடந்தது வேறு. பாதி ஏற்றத்தில் நார்மின் வலது சோல் முன்பக்கமாக வாயைப் பிளந்தது. சமாளித்து நடந்து பார்த்தார். ரெண்டு கல் தாண்டுவதற்குள் முழுதாகக் கழன்று பின்னால் விழுந்தது. ஜோசலின் அதைக் கையில் எடுத்தாள். மெத்தை அவள் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பரணில் கிடந்தே வீணாகிவிட்டதா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அவ்வளவு தூரம் ஏறிக் களைத்த மனுஷனுக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

"இது என்னோடது இல்ல ஜோசி. போன வாரம் வாங்கினேன்."

"அப்ப உன்னோடது எங்க?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் எந்த மலையும் ஏறினதில்ல. இதான் மொதல் மலை."

அவள் கையிலிருந்த சோலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுல்ஸ் ஹெட் ஓடை? முழங்கால் அளவுதான் இருக்கும், தாராளமாத் தாண்டலாம்னு சொன்னியே?"

முன்பு ஒரு ஜூன் மாசம், மழைக்கு மறுநாள் அவள் அவுல்ஸ் ஹெட் மலைக்குப் போனாள். ஓடை அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. பை போனது, புருவம் கிழிந்தது. இன்னமும் அங்கே தழும்பு உண்டு. வீட்டுக்கு வந்து, நான்தான் தப்பான இடத்தில் இறங்கிவிட்டேன் என்று அப்பாவிடம் அழுதிருக்கிறாள். அவரும், பார்த்து இறங்க வேண்டாமா என்று புத்தி சொல்லியிருக்கிறார்.

"கடைல யாரோ சொன்னாங்க. அதைத்தான் சொன்னேன்" என்றார் நார்ம்.

"நான் செத்திருப்பேன்ப்பா" என்றாள் அவள். குரலை உயர்த்தக்கூட இல்லையாம். தன் பையிலிருந்து டேப்பை எடுத்து, அவர் காலடியில் உட்கார்ந்து, சோலைச் சேர்த்துவைத்துச் சுற்றிக் கட்டினாள். அவர் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் இறங்கினார்கள், அவள் முன்னால், அவர் பின்னால். கிளம்பும் முன்பே எங்களுக்கு அந்தக் கால் பிசகிய செய்தியை அனுப்பிவிட்டாள்.

நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது நார்ம் சாதாரண ஷூவுக்கு மாறி நின்றிருந்தார். இறங்கியதும் எல்லாரும் பூட்ஸைக் கழற்றி டிக்கியில் போடுவது வழக்கம்தான், அதனால் எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. ஜோசலின் ஒரு காலைத் தாங்கித் தாங்கி எங்களிடம் வந்தாள். வேரில் மடங்கிவிட்டது என்றாள். கண் சிவந்திருந்தது. வலியாக்கும் என்று எண்ணினேன்.

வெண்டல் நார்மின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லவேளை சார், அனுபவசாலி நீங்க கூட இருந்தீங்க. நாங்களா இருந்தா பதறிப் போயிருப்போம்" என்றான். ப்ரின் டப்பாவைத் திறந்து, முதல் துண்டு உங்களுக்குத்தான் என்று அவர் கையில் வைத்தாள்.

நார்ம் வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போன ஜோசலின், எங்கள் கண்ணுக்காக ஒவ்வொரு அடியையும் நொண்டி நொண்டி வைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, நன்றாகவே நடித்தாள். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ஜோசி, நொண்டாதம்மா."

அவள் திரும்பி, "அப்பா, வேண்டாம்" என்றாள்.

அவர் கேக்கைத் திரும்ப டப்பாவில் வைத்தார். டிக்கியைத் திறந்து, டேப் சுற்றிய பூட்ஸை எடுத்துவந்து எங்கள் முன்னால் தரையில் வைத்தார்.

"அவ கால் நல்லாத்தான் இருக்கு. என் மானத்தைக் காப்பாத்தறதுக்காக நொண்டறா. நான் இதுவரைக்கும் ஒரு மலையும் ஏறினதில்ல. உங்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாச் சொன்னது அத்தனையும் மத்தவங்க பேசக் கேட்டது."

வெண்டல் குனிந்து அந்த டேப் சுற்றிய சோலைத் தொட்டுப் பார்த்தான். நார்ம் எங்கள் எதிரில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சட்டைப் பொத்தானைத் தொட்டார், விட்டார். சரி, பரவாயில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான்கூடச் சொல்லியிருக்கலாம். அந்த ஓடைக்கும் இவர்தானே வழி சொல்லியிருப்பார் என்று, அந்தப் பெண்ணின் புருவத்துத் தழும்பைப் பார்த்த பிறகு என் நீளமான வாய்க்கும் அது வரவில்லை.

ஜோசலின் நிமிர்ந்தாள். இரண்டு காலையும் ஊன்றி விறுவிறுவென்று நடந்துபோய் வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். என்ஜினும் ஓட ஆரம்பித்தது. நார்ம் மெல்ல நடந்து அந்தப் பக்கத்துக் கதவருகே போய் நின்றார். கைப்பிடியைத் தொடவில்லை. ஏறலாமா கூடாதா என்று கேட்கவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

வெகுநேரம் கழித்து அவள் உள்ளிருந்தபடியே கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"கோவம் போகல. இப்போதைக்குப் போகாது. ஏறு" என்றாள்.

நார்ம் குனிந்து ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.