தொட்டில் அறைக்கு மேல் ஒரு கிளை

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரம் நின்றது. கோடை முழுக்க நிழல் தரும் புண்ணியவான் என்றுதான் அதை நினைத்திருந்தேன். அக்டோபரில் மற்ற கிளைகளில் இலைகள் சிவந்தபோது ஒன்று மட்டும் மொட்டையாக நின்றது. பட்டுப்போன கிளை. ஆள் பருமன். பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பெயின்ட் அடித்து வைத்திருந்த அறையின் கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஏழாம் மாதம்.

பக்கத்து வீட்டு அமெரிக்க அங்கிள் வேலிக்கு அந்தப்புறமிருந்தே பார்த்துவிட்டு, ஈரப்பனி விழுந்தால் தாங்காது, குளிருக்கு முன் எடுத்துவிடுங்கள் என்றார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. காற்றடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். முந்தைய குளிர்காலத்தில்தான் நான்காம் மாதத்தில் ஒரு குழந்தையை இழந்திருந்தேன். பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கணவர் அந்த வருடம் மரங்களுக்குச் செய்த பணிவிடையைப் பெற்ற தாய்க்குக்கூடச் செய்திருக்க மாட்டார். வேரைச் சுற்றி மரச்சிராய் பரப்பினார். மண் உறைவதற்குள் வயிறாரக் குடிக்கட்டும் என்று ஹோஸ் பைப்பை ஓடவிட்டார். புதிதாக நட்ட ஆப்பிள் கன்றுகளை மான் கடிக்காமல், குளிரில் பட்டை வெடிக்காமல் கோணித்துணி சுற்றினார். அந்தக் கிளையை மட்டும் அண்ணாந்தும் பார்க்கவில்லை. மரம் வெட்டுகிற கம்பெனிக்கு கால் பண்ணச் சொன்னால், "பண்றேன், பண்றேன்" என்பார். ஒருநாள் பார்த்தால் கிளையை நைலான் கயிற்றால் மரத்தோடு கட்டி வைத்திருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு போட்டு ஊரில் இருக்கும் மாமியாரிடம் பேசியபோதுதான் காரணம் வெளியே வந்தது.

"அந்தக் கெளைய அவன் வெட்டக்கூடாது கண்ணு. பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருசன்காரன் மரத்துல கத்தி வெக்கலாமா?"

எனக்கும் தெரிந்த சாஸ்திரம்தான். ஆனால் ராகுகாலத்தில் கார் வாங்கிய மனிதர் இவர். போனை வைத்ததும் எகிறினேன்.

"உங்கம்மா சொன்னா படிச்ச படிப்பெல்லாம் பறந்துருமாக்கும்? நீங்க வெட்ட வேண்டாம். ஆள் வெச்சு வெட்டுங்க."

"ஆள் வெச்சாலும் நான் சொல்லித்தானே வெட்டுவான்?" என்றார். பிறகு, "போன டிசம்பர்ல ட்ரீ ஃபார்ம் போனோமில்ல" என்றார்.

போனோம். கிறிஸ்துமஸ் மரத்தை அவரவரே வெட்டி எடுத்துக்கொள்ளும் பண்ணை. ஆபீஸ் நண்பர்களோடு போய், பனியில் மண்டியிட்டு ரம்பத்தால் அறுத்து, வெட்டிய மரத்தோடு சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றார். அந்த மரம் வாடுவதற்குள் எங்கள் குழந்தை போய்விட்டது.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லதான்" என்றார். இத்தனை மாதமும் இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் நானே கால் பண்ணிவிட்டேன். சாஸ்திரம் புருஷனைத்தானே சொல்கிறது? அந்த வாரமே, அவர் வீட்டில் இல்லாத நேரம், ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஏறுமுன் மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னவ நான். எந்தப் பழியா இருந்தாலும் எனக்கே வரட்டும்" என்று கும்பிட்டேன்.

ரம்பம் அலறத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. எனக்கு வருகிற பழி வேறு எங்கே போய் இறங்கும்? எனக்குள் இருப்பது யார்?

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கிளை கயிற்றில் இறங்கியது. உள்ளே கறுத்து, பொக்கையாக இருந்தது.

அவர்கள் போன பிறகு குழந்தை அசையவில்லை. சர்க்கரை போட்டுப் பால் குடித்தேன். இடதுபக்கம் திரும்பிப் படுத்தேன். அசையவே இல்லை. டாக்டருக்கு போன் செய்யக்கூடத் தைரியம் வரவில்லை. ஆபீஸில் இருந்த என் கணவருக்குத்தான் செய்தேன். "வெட்டிட்டேங்க. அசைய மாட்டேங்குது. வாங்க."

ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே, கிளை இருந்த இடத்தில் தெரிந்த வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டிலருகே மண்டியிட்டு என் வயிற்றில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

"உதைக்குது பாரு" என்றார்.

எனக்கு ஒரு அசைவும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு எதற்கும் ஹாஸ்பிட்டல் போய்வரலாம் என்று அடுப்படிக்குப் போனார். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அப்போது விலாவுக்குக் கீழே, ஓங்கி ஒரு உதை.

கத்திக் கூப்பிட வாயெடுத்தேன். என்னவென்று கூப்பிடுவது? அவர் கணக்கில் குழந்தை ஏற்கெனவே உதைத்தாகிவிட்டதே. அவர் கொண்டு வந்த காபியை அழுதுகொண்டே குடித்தேன்.