மாப்பிள்ளையின் விமானத்தைப் பார்க்கப் போன அப்பா

அப்பா பெங்களூரில் இருந்து திரும்பி வந்த அன்று அவர் வேட்டியில் பெட்ரோல் வாசனை. அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கு மட்டும் அந்த வாசனை பிடித்துப்போய்விட்டது...

உலக யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். காரிமங்கலம் பக்கம் எங்களுக்குக் கேழ்வரகுக் காடு. பாலக்கோட்டில் இருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பர்மா சண்டையில் பட்டாளத்து விமானம் ஓட்டியவர், இப்போது கம்பெனியில் பயணிகள் விமானம் ஓட்டுகிறார் என்றார்கள்.

சந்தையில் அவரை ஒரு தடவை பார்த்திருந்தேன். பட்டாளத்துக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார் என்று பார்த்தால், மனிதர் பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டினால் இவரைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

"ஆகாசத்துல போறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நானு தெனமும் மேலயே பாத்துக்கிட்டுக் கெடக்கவா?"

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால் முதலில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். கிணறு, காடு, மாட்டுக் கொட்டகை எல்லாம் பார்த்த பிறகுதான் சம்மதம். அப்பாவும் போனார். எல்லாம் திருப்திதான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொழப்பு நடத்தற வண்டியப் பாக்காம எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

அடுத்த லீவில் மாப்பிள்ளையே அப்பாவை பெங்களூருக்குக் கூட்டிப் போனார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சந்தையில் காளை வாங்குகிற மாதிரி அப்பா விமானத்தைச் சுற்றி வந்தாராம். றெக்கையைத் தடவினாராம், சக்கரத்தை மிதித்துப் பார்த்தாராம்...

"ஒரு நட நடத்திக் காட்டுங்க தம்பி."

"கம்பெனி வண்டிங்க மாமா. அப்படியெல்லாம் ஓட்ட முடியாதுங்க."

அப்பா இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம்தான் மனதில் இருந்ததைக் கேட்டார்.

"மேல போறப்ப நின்னு போச்சுன்னா?"

"நிக்கும்ங்க மாமா. பர்மாவுல ஒருக்கா நின்னுச்சு. அதனாலதான் எறக்கறதுக்குக் கீழ எடம் பாத்துக்கிட்டே போவேன்."

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். "மேல போனாலும் கீழ பாத்துக்கிட்டே போற பையன். குடுக்கலாம்." கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிட்டயர் ஆன பிறகும் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் பாப்பாரப்பட்டி போனாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார். "இந்த எள்ளுக் காட்டுல எறக்கலாம்... அங்க வேணாம், புளியமரம் இடிக்கும்." கோயிலுக்குப் போகும்போதும் இதே பேச்சா என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்.

இப்போது மாப்பிள்ளை பார்க்க போட்டோவும் சம்பளமும் போதும். யாரும் சக்கரத்தை மிதித்துப் பார்ப்பதில்லை.

போன மாதம் பேத்தி என்னை டெல்லிக்கு விமானத்தில் கூட்டிப் போனாள். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழேயே பார்த்துக்கொண்டு போனேன். அறுவடை முடிந்த நல்ல சமமான காடு ஒன்று தெரிந்தது, மரமே இல்லை. "இங்க எறக்கலாம்ங்க" என்று பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.