மேல்வீட்டு அக்காவின் பால் பாத்திரம்

போபோடியில் நாங்கள் குடியிருந்தபோது மேல்வீட்டில் இருந்த அக்காவை நினைத்தால் இன்றும் எனக்கு அவர் கணவர்மேல்தான் கோபம் வருகிறது. இரண்டு நாள் கொங்கண் கடற்கரைக்குப் போய் மீன் தின்றுவிட்டு வந்த மனிதர், குடும்பத்தோடு அங்கேயே குடியேறி லாட்ஜ் நடத்தப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். கோபம் வந்தால் பேசமாட்டார். துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்குவார். அந்த மாதம் முழுக்க மேலே தேய்க்கிற சத்தம்தான்.

"இனி தினமும் கடல் பாக்கலாமே அக்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"மழை வந்தா அந்த ஊரே பந்த், தெரியுமா? பொண்ணு பத்தாவது படிக்குது. எனக்கு இங்க கேம்ப் பஜார்ல தையல்கடை வேலை இருக்கு. வர்றவன் போறவனுக்கெல்லாம் ஆக்கிப்போட நான் என்ன சம்பளமில்லாத சமையக்காரியா?"

டெம்போ வந்த காலையில் சாமானை அக்காவேதான் கட்டிக்கொடுத்தார். பாதி சாமான் இன்னும் மேலேயே இருந்தது. அதைக்கூட அந்த மனிதர் கவனிக்கவில்லை. முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "சீக்கிரம் வா" என்று அதட்டினார்.

புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கென்று எடுத்துவைத்த பித்தளைப் பாத்திரத்தை அக்கா கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அது பளபளவென்று மின்னியது.

"நீங்களே காய்ச்சிக் குடிங்க. நானும் பொண்ணும் வரல."

அன்று மேல்வீட்டில் பாத்திரங்களை ஒரே தடவைதான் துலக்கினார்கள்.