எட்டுப் பேருக்கும் கை

இல்ஃபோர்டில் நாங்கள் இருந்த கவுன்சில் ஃபிளாட்டில், என் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு ஆள் வளர்ந்துகொண்டிருந்தார். முதலில் தோள் மட்டும்தான் தெரிந்தது. குளிர் தொடங்கியதும் கழுத்து வந்தது, பிறகு தலையின் ஒரு பக்கம். பெரியவர்கள் அதைப் பூஞ்சணம் என்றார்கள். அம்மா கையுறை போட்டுக்கொண்டு பிளீச்சால் தேய்ப்பார். ஆள் போய்விடுவார். கொஞ்ச நாளில் அதே இடத்துக்கு, முன்னையதைவிடக் கொஞ்சம் அகலமாகத் திரும்பி வருவார். எனக்கு அப்போது ஒன்பது வயது, இழுப்பு வேறு. மருந்துப் பம்பை வாயில் வைத்து நான் மூச்சு இழுக்கும்போது சுவரும் கூட இழுப்பதாகத் தோன்றும். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுவரிலிருந்தவருக்குக் கேட்டுவிடும்.

அம்மா கவுன்சிலுக்கு எழுதினார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வந்தது. எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலருக்கு எழுதினார், அதற்குப் பதிலே இல்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்த அப்பா, வாடிக்கையாளர்களிடமிருந்து பொறுக்கிய பேச்சுகளோடுதான் வீட்டுக்கு வருவார். சொந்தப் பேச்சும் இடைக்கிடை கலக்கும். இந்த விஷயத்தில் அவர் சொன்னது சொந்தப் பேச்சு: "இந்த ஊரிலை எழுதிக் கேட்டா எழுதித்தான் தருவாங்கள். முன்னாலை போய் இருந்து கேட்டாத்தான் ஏதும் நடக்கும்."

முன்னால் போய் இருப்பதற்கு ஒரு வழி இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற கந்தோர் வைத்திருந்தார். கடன் கேட்டு உள்ளே போகிறவர், வெளியே வரும்போது கட்சி அங்கத்தவராகவும் இருப்பார். அப்படியே எங்கள் வட்டாரக் கிளையில் தமிழாக்கள் நிறைந்துவிட்டார்கள். அம்மா மாத்திரம் கடன் கேட்காமலே சேர்ந்தவர். மழையோ பனியோ, வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டவர். கூட்டங்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

கிளை ஆண்டுதோறும் எட்டுப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யும். அந்த எட்டுப் பேரும் மாதந்தோறும் தொகுதிக் குழுவில் போய் இருப்பார்கள். கவுன்சிலர்மார் அங்கே வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த தேர்தலில் யார் நிற்பது என்பதையும் அந்தக் குழுதான் தீர்மானிக்கும். மாமாவின் கண் பின்னதில், அம்மாவின் கண் முன்னதில். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த அறையில் ஒரு கதிரை. அதில் இருந்து அந்தக் கவுன்சிலரிடம் என் சுவரைப் பற்றிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் முன்னறையில் ஒத்திகை நடந்தது. ஆக்கள் செற்றியிலும் நிலத்திலும் நெருக்கி இருந்தார்கள். மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்தினார்.

"ஒராளுக்கு எட்டு வோட்டு. நாங்கள் எட்டுப் பேரை நிப்பாட்டுறம். இதுக்குப் பேர்தான் சிலேட். எட்டுப் பேருக்கும் கை தூக்க வேணும். இவரைப் பிடிக்கும், அவரைப் பிடிக்காது எண்டு தெரிஞ்செடுக்கிறதெல்லாம் கலியாணத்துக்கு. இஞ்சை ஏலாது. விளங்கிச்சுதோ?"

"எனக்கு அந்த ஆறாம் ஆளோடை கதை பேச்சே இல்லை, அண்ணை," என்றார் மூலையிலிருந்த ஒருவர்.

"கதைக்க வேண்டாம். கையை மட்டும் தூக்குங்கோ."

சிரித்தார்கள். மாமா வெள்ளைக்காரரைப்போல மூக்கால் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன. முதல் தடவை விளையாட்டாக இருந்தது. மூன்றாம் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பெயர் வாயைவிட்டு வரும் முன்பே கைகள் எழத் தொடங்கியிருந்தன. கண்கள் மாமாவையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. எட்டாவதாக அம்மாவின் பெயர் வந்தது. நானும் கையைத் தூக்கினேன். "பாருங்கோ, பிள்ளை பிடிச்சிட்டாள்!" என்றார் மாமா. அன்றிரவு அம்மா ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்தபடி, அந்த அறையில் கேட்கப்போகிற கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் கிளையின் தெரிவுக் கூட்டம். அப்பாவுக்கு ஷிப்ட், அதனால் நானும் போனேன். கதவைப் பூட்டும்போது எதிர்வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து, "எங்கை, தாயும் மகளும் வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுவிட்டார். ஒரு காரியமாகப் போகிறவரிடம் எங்கே என்று கேட்கக்கூடாது. அன்ரிக்கும் அது தெரியும், வாய் முந்திவிட்டது. அம்மா உள்ளே போய், இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட்டார்.

தேவாலயத்தின் பின்னாலிருந்த மண்டபம் அது. மாரிக்காலத்தில் பாடசாலை விடுகிற நேரத்துக்கே இருண்டுவிடும். உள்ளே விளக்குகளில் பாதிதான் எரிந்தன. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. இடப்பக்கம் பழைய கட்சிக்காரர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர். அவர்களுக்கும் ஒரு சிலேட் இருந்தது. வலப்பக்கம் நாங்கள். நடுவே ஒரு சின்னக் கூட்டம், பச்சை மஃப்ளர் கட்டிய ஒருவரின் ஆக்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சரிசமம். நடு எங்கே சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் வெல்லும். இதெல்லாம் நான் பிறகு விளங்கிக்கொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, மாமாவும் பச்சை மஃப்ளர்காரரும் வெளியே நடையில் நிற்கிறார்கள் என்பதுதான். கதவின் மங்கல் கண்ணாடியில் இரண்டு நிழல்கள் தெரிந்தன. ஒன்று விரல் நீட்டியது. மற்றது கனநேரம் அசையாமல் நின்றது. பிறகு தலையாட்டியது.

நான் அம்மாவின் போனில் பாம்பு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அது என் கையில் துடித்தது. அதே நேரம் பக்கத்துக் கோட்டுப் பையிலும் துடித்தது. பின்னுக்கு, முன்னுக்கு, அந்தத் தொங்கல் வரை, எங்கள் பக்கத்துப் பைகளெல்லாம் வண்டு அடைத்ததுபோல இரைந்தன. ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மடியிலிருந்து எழுந்த நீல வெளிச்சம் அவர்களின் நாடியிலும் மூக்கிலும் பட்டது. கண்கள் இருக்கவேண்டிய இடம் இருட்டாக இருந்தது. எங்கள் வீட்டு நிலத்தில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. பிறகு வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒருவரும் அம்மாவையோ என்னையோ திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். எட்டுப் பெயர்கள். ஏழு எனக்குப் பாடம். எட்டாவது, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயர். கீழே 'எட்டுக்கும் கை' என்று இருந்தது. அனுப்பியவர் மாமா.

அக்காவின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல ஏலாத தம்பி, எல்லாருக்கும் ஒன்றாக ரெக்ஸ்ட் அனுப்பியிருந்தார். அந்த எல்லாரிலும் அக்காவும் இருக்கிறார் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார்.

போனை அம்மாவிடம் காட்டினேன். வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்து, "விளையாடு, பிள்ளை," என்றார். அந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரல் இல்லை.

தலைமை தாங்கிய வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. ஒவ்வொரு பெயரையும் மெல்லிய குரலில் வாசித்து, கைகளை எண்ணி, அடுத்ததுக்குப் போனார். எங்கள் சிலேட்டின் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கைகளும் நடுப்பக்கத்துக் கைகளும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்ததுபோல எழுந்தன. உள்ளே திரும்பிவந்து முன்வரிசையில் இருந்த மாமாவின் கை எல்லாவற்றுக்கும் முதல் எழுந்தது. தெரியாத பெண்ணின் பெயர் வந்தது. கைகள் எழுந்தன. என் பக்கத்தில் கோட்டுத்துணி உரசியது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கையும் மேலே இருந்தது, முழங்கை மடியாமல், நேராக.

கடைசியாக அம்மாவின் பெயர். முன்மொழிந்த பெயரை ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை, ஆகவே வாசித்தார்கள்.

மண்டபம் அப்படியே நின்றது. இருமியவர்களும் இருமவில்லை. ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலைமைப் பெண் கண்ணாடிக்கு மேலால் அங்குமிங்கும் பார்த்தார். எல்லாரும் அம்மா இருக்கிற திசையைத் தவிர்த்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே இல்லையோ என்று ஒரு கணம் எனக்கே பயம் வந்தது. அவரின் கோட்டைப் பிடித்துப் பார்த்தேன். இருந்தார்.

பிறகு ஒரு கை எழுந்தது. அது என்னுடையது.

"பாவம், வயது காணாது," என்று தலைமைப் பெண் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி, தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். குளிர்ந்த கைகள். "பூச்சியம்," என்று வாசித்தார்கள்.

நாங்கள் வென்றோம், எட்டும் எங்கள் சிலேட்டுக்கே. அம்மா கொண்டுவந்த ரோல்ஸை எல்லாரும் சாப்பிட்டார்கள். "உறைப்புக் காணும்," என்று ஒருவர் ரோல்ஸுக்குச் சொன்னார். அம்மாவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமாதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். முன் இருக்கை வெறுமையாகக் கிடக்க, அம்மா என்னோடு பின்னுக்கு ஏறினார். கண்ணாடியில் மாமாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. தெருவிளக்கு வரும்போது இருந்தன, போனதும் இல்லாமல் போயின.

"அக்கா," என்றார் கடைசியில். "அந்த மஃப்ளர்காரற்றை ஆக்கள் ஒரு இடம் கேட்டவை. குடுக்காட்டி எட்டும் போயிருக்கும். நான் கவுன்சிலரா வந்தா, முதல் வேலை பிள்ளையின்ரை சுவர்தான்."

"ஓம்."

"நீங்கள் உங்களுக்கெண்டாலும் கை தூக்கியிருக்கலாம். பூச்சியமெண்டு வாசிச்சிருக்க மாட்டினம்."

"எட்டு வோட்டுத்தானேடா தம்பி தந்தவை. எட்டையும் நீ சொன்னமாதிரிப் போட்டுட்டன்."

மாமா காரை ஓரத்தில் நிறுத்தினார். எஞ்சின் நிற்கவில்லை. பின்னாலிருந்து பார்க்க அவரின் தோள்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை மெல்லக் குலுங்கத் தொடங்கின, பிறகு பலமாக. சத்தமே இல்லை.

வென்ற ஆள். சிரிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தால் நானும் சிரிப்பதுதான் எங்களுக்குள் வழக்கம். ஆகவே நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது, ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கைக்குள் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.