உயிரோடு சந்தூக்கில்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் குறிஞ்சிப்பிட்டி நோயாளிகளைக் கூலி வாங்காமல் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோவார், அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ஒரு மனிதர். இடது தோளில் எப்போதும் மடித்த சாக்கு கிடக்கும். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த என் தம்பியை, இறந்தவர்களைத் தூக்கும் பள்ளிவாசல் சந்தூக்கில் அவர் கிடத்தியபோது நான் அலறிவிட்டேன்.

"நானா, இவன் மௌத்தாகல்லயே!"

"ஓம், ஆகல்ல. கட்டில்ல தூக்கினா எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க. சந்தூக்கக் கண்டா ஓடிவந்து தோள் குடுப்பாங்க."

பாதையில் ஆள் தென்பட்டதும் தம்பியின் முகத்தைத் துணியால் மூடினார். வழிநெடுகத் தோள் மாற்றினார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

வீடு திரும்பும்போதுதான் எனக்குத் திக்கென்றது. அந்த மனிதர் தூக்கிவந்த எத்தனையோ சந்தூக்குகளுக்கு நானும் ஓடிப்போய்க் கலிமா சொல்லியபடி தோள் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பேர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்?