கோட்டுக்கு வெளியே ஒரு சம்மனசு

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, என் பேத்தியும் அவள் கூட்டாளிகளும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி வில்லாளி. உடம்பெல்லாம் முகமாக இருக்கிற ஒரு பகடையை உருட்டிவிட்டு உயிர் போகிற மாதிரி கத்துகிறார்கள். அந்த உலகத்துக்குச் சொந்தக்காரி என் பேத்தி. போன வாரம் அவளுடைய வானத்தில் பறக்கிறவர்களுக்குப் பேர் வேண்டியிருந்தது. போனில் தேடி, வாயில் நுழையாத பேர்களாக வாசித்தாள்.

"இம்புட்டு நீளமா கூப்புட்டா, அவுக வந்து சேர்றதுக்குள்ள ஒங்காளு செத்து, கருமாதியும் முடிஞ்சிரும்டி" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் தேறியது குறைவு. வானத்தில் இருப்பவர்களுக்குப் பேர் வைப்பதில் மட்டும் நல்ல தேர்ச்சி. அந்தப் பாடத்தை நடத்தியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அகரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அந்தக் கோடையில் பிரசவத்துக்காகத் திண்டுக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். பிறந்த அன்றே பிள்ளை இறந்துவிட்டது. அதைப் பற்றி அத்தையிடம் வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா எங்களை மிரட்டி வைத்திருந்தாள். தோல் கிடங்குகள் உள்ள ஊரில் அந்த மிரட்டலுக்கு மரியாதை அதிகம்.

வெயில் நேரத்தில் எங்களை வெளியே விடமாட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த அத்தை ஒருநாள் எழுந்து வந்து, சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் பெரிய வட்டம் போட்டாள். "இது வானம்" என்றாள். வட்டத்துக்குக் கீழே நம் மலைக்கோட்டை, அதன் உச்சியில் ஆள் தின்னும் பூதம். தாயக்கட்டையை உருட்ட வேண்டும். அண்ணன் ராசா. நான் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிற வியாபாரி. பூதத்திடம் மாட்டினால் ஒரு சம்மனசைக் கூப்பிடலாம். கத்தோலிக்க வேதக்காரர்களான எங்கள் வீட்டில் வானதூதரை அப்படித்தான் சொல்வோம். ஆனால் நாங்கள் பேர் வைத்த சம்மனசைத்தான் கூப்பிட முடியும். அந்தப் பேரும் அவர் பார்க்கிற வேலைக்குப் பொருந்த வேண்டும். ஒரு சம்மனசு ஒரு தடவைதான் வரும். ஆள் செத்துவிட்டால் லீவு முடிகிறவரைக்கும் ஆட்டத்தில் இடமில்லை.

அண்ணன் கோயிலில் பூசைக்கு உதவி செய்கிறவன். எடுத்ததும் வேதாகமத்துச் சம்மனசுகளின் பேர்களை வரிசையாகச் சொன்னான்.

"அவுகள்லாம் அங்கன டூட்டியில இருக்காக அப்பு. நம்ம ஆட்டத்துக்கு லீவு கெடைக்காது. புது ஆளாப் போடுவோம்" என்றாள் அத்தை.

அப்படித்தான் எங்கள் வானம் நிறைந்தது. வானத்துக் கதவைப் பூட்டித் திறக்கிறவர், எங்கள் ஊர் மாங்காய் வடிவப் பூட்டின் பேரில், மாங்காப்பூட்டார். பூட்டு செய்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பதவி தெரியாது. நட்சத்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவள் திரிதூண்டி. இடியை உருட்டுகிறவருக்கு உருட்டுமீசை என்று நான் பேர் வைத்தேன். அத்தை ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் கொடுத்தாள். ஊருக்கே விளக்கேற்றும் திரிதூண்டிக்கு இருட்டென்றால் பயம். உருட்டுமீசை மனைவிக்கு அடங்கியவர். அவள் அதட்டினால் இடி பாதியில் நின்றுவிடும். அத்தை சொல்லச் சொல்ல அந்த அறையில் எண்ணெய் வாசம் வந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மோட்சத்தை அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து காட்டியவர் வேறு யாருமில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. தினமும் வானத்தைப் போட்டு முடித்ததும், கோட்டுக்கு வெளியே, ஓரமாக, விரல் நகம் அளவுக்கு ஒரு நட்சத்திரம் போடுவாள். அதற்குப் பேர் கிடையாது.

"அது யாரு அத்த?"

"அதுவும் ஒரு சம்மனசுதான். தூங்குது, விடு."

லீவு முடியப் போகிற சமயத்தில் என் வியாபாரி பூதத்தின் கையில் மாட்டினான். ஆடுகளோடு. மாங்காப்பூட்டார் முதல் உருட்டுமீசை வரை எல்லோரையும் ஏற்கெனவே கூப்பிட்டுத் தீர்த்திருந்தேன். அண்ணன், பூதத்துக்குச் சம்பந்தி மாதிரி, "ஆட்டுக்கறியும் ஆள்கறியும் சேந்து கெடைக்குது, ஏவாரி அம்புட்டுத்தான்" என்று ஏப்பம் விட்டுக் காட்டினான். எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அந்தச் சின்ன நட்சத்திரம் கண்ணில் பட்டது.

"நான் அதக் கூப்புடப் போறேன்."

"அதுக்குப் பேரு இல்லடி" என்றாள் அத்தை.

"நான் வைக்கிறேன். அது என்ன வேல பாக்குது?"

அத்தை அந்த நட்சத்திரத்தின் மேல் சாக்பீஸை இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு, "ஒரு வேலையும் இல்ல. ஓரத்துல இருக்கு. அம்புட்டுத்தான்" என்றாள்.

"அப்ப அது ஓரத்து ராசா!"

அண்ணன் துள்ளி எழுந்தான். "செல்லாது அத்தே! தண்ணி ஊத்தித்தான் பேர் வைக்கணும். ஞானஸ்நானம் இல்லாட்டி மோட்சத்துக்குள்ளயே விடமாட்டாக. சாமியார் சொல்லிருக்காரு."

தண்ணீர்தானே? பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துக் கவிழ்த்தேன். சாமியார் மூன்று சொட்டு விடுவார். நான் முழுச் செம்பையும் விட்டேன். நட்சத்திரம் கரைந்தது. தண்ணீர் ஓடிப் போய் வானத்தின் கோட்டையும் அழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாய்க் குழம்பிவிட்டது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தாயம்!" என்றாள் அத்தை. "ஓரத்து ராசா வந்துட்டான். பூதம் ஓடிருச்சு."

"கட்டைய உருட்டவே இல்லையே அத்தே!" என்றான் அண்ணன்.

"உருட்டிட்டேன். ஒனக்குத்தான் கண்ணு தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் அவள் மேலும் தெறித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பல வருடம் கழித்து, கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் வீட்டுச் சிலுவைகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்க, அத்தை மட்டும் கல்லறைத் தோட்டத்தின் சுவரைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போனாள். நான் பின்னால் போனேன். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பிள்ளைக்குப் பேர் கிடையாது; மந்திரித்த மண்ணில் இடமும் கிடையாது. சிலுவை இல்லாத வெறும் தரையில் அத்தை ஒரு மெழுகுவர்த்தியைப் பொருத்தி, நான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

போன வாரம் பேத்திக்கு மாங்காப்பூட்டாரைக் கொடுத்தேன். திரிதூண்டியையும் உருட்டுமீசையையும் கொடுத்தேன். மந்திரவாதிப் பையனுக்கு மீசைக்காரரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த ஒரு பேரை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு ஆள் இருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வியாபாரி பிழைத்தான், ஆடுகளும் பிழைத்தன என்பதுதான். அம்மா துணியோடு வந்தபோது, தரையைத் துடைக்கவிடாமல், அது தானாகக் காய்கிறவரைக்கும் அத்தை ஏன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.