அக்கா தவழ்ந்த பாதை

என் அக்காவின் உத்தியோகம் நடப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், நாள் முழுக்க ஒரு கட்டடத்துக்குள் நடப்பாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா, இன்னிக்கு வேலை ஜாஸ்திடா" என்பாள். நடப்பதற்கெல்லாம் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இரும்புக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை பார்த்தவர். "நான் நிக்கறேன், அவ நடக்கறா. இந்த வீட்டுல உக்காந்து சம்பாதிக்க யாருக்கும் கொடுத்து வைக்கல" என்பார்.

அக்கா முதலில் அந்த அலுவலகத்தில் வரவேற்பு மேசையில்தான் இருந்தாள். அங்கே வழி காட்டும் கருவி செய்துகொண்டிருந்தார்கள். காரில் இருக்கிறதே, அதைச் சொல்லவில்லை. அது சாட்டிலைட்டை நம்பி ஓடுவது; கட்டடத்துக்குள் நுழைந்தால் அதற்குக் கண் தெரியாது. இவர்கள் செய்தது, தீப்பிடித்த கட்டடத்துக்குள் போன ஆள் எந்த மாடியில், எந்த மூலையில் இருக்கிறான் என்று வெளியே நிற்பவர்களுக்குக் காட்டுவதற்கு. யாராவது அதை ஷூவில் மாட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டியிருந்தது. எஞ்சினியர்கள் நாற்காலியை விட்டு எழுந்தால் காபி மெஷின் வரைக்கும்தான் போவார்கள். அக்காவுக்கோ சின்ன வயதிலிருந்தே காலில் சக்கரம். ஒரு நாள் மாட்டிக்கொண்டு பார்த்தவள், அப்புறம் மேசைக்குத் திரும்பவே இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும்.

"நம்ம குடும்பம் மாதிரிடா அது," என்று ஆரம்பிப்பாள். "சாட்டிலைட்டு வெளியூர்ல இருக்கற பெரிய அண்ணன். சொன்னா சரியாத்தான் சொல்லுவாரு, ஆனா வீட்டுக்குள்ள வந்தா லைன் கிடைக்காது. ஷூவுல இருக்கற பொட்டி உன்னை மாதிரி. கூடவே இருக்கும். எப்படித் திரும்பினோம், எவ்வளவு வேகமாப் போனோம், எல்லாம் தெரியும்னு சொல்லும். ஆனா கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் கூட்டிச் சொல்லும். அப்படியே விட்டா அடுத்த தெருவுல நிக்கறேன்னு சத்தியம் பண்ணும். காத்தோட அழுத்தம் பாக்கறது ஒண்ணு இருக்கு, அது உங்க மாமா. எந்த மாடின்னு மட்டும் சொல்லும், வேற எதுலயும் தலையிடாது. திசை காட்டற முள்ளு நம்ம சித்தி. எங்க இரும்புத் தூணைப் பாத்தாலும் அந்தப் பக்கம் சாஞ்சிடும்."

"அப்ப நீ யாரு?"

"யார் பேச்சை எந்த நேரத்துல எவ்வளவு நம்பறதுன்னு முடிவு பண்றது ஒண்ணு உள்ள இருக்குதில்ல, அது நான்."

மாமா தலையை ஆட்டி ஆமோதித்தார். அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

ஷூப் பெட்டியின் புளுகுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் கண்ணிமைக்கும் நேரம் தரையில் அசையாமல் பதிகிறது அல்லவா, அந்த நேரத்தில் வேகம் ஒன்றுமே கிடையாது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். அதுவரை சேர்ந்த தப்பை அங்கேயே துடைத்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போகும். ஆகவே எல்லாம் பாதம் பதிகிற விதத்தில் இருந்தது. அக்காவின் பாதம் பதிகிற விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தரையை அதட்டிக்கொண்டே போகிறவள் மாதிரி, டக், டக் என்று குதிகாலை வைத்து நடப்பாள். மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டால் நான் வீட்டில் இறைத்துப்போட்டதையெல்லாம் அவசரமாக அள்ளுவேன். இப்போது அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் தீயணைப்புப் படையில் இருந்தேன். கருவி ஒரு வழியாக உருப்பட்டதும் முதலில் எங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தது. அதை மாட்டிக்கொண்டு முதலில் நெருப்புக்குள் போகப்போகிறவர்களில் நானும் ஒருவன். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொட்டி, என் தம்பி" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் பயிற்சிக் கட்டடத்தில் புகையை நிரப்பி ஒரு ஒத்திகை வைத்தார்கள். அக்காவும் அவள் அலுவலகத்தின் தலைமை எஞ்சினியரும் வந்திருந்தார்கள். அவருக்குக் கழுத்துக்குக் கீழே இறங்கிய தாடி, அதனால் பெயரும் தாடி. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய், அறை அறையாகத் தேடிவிட்டு வெளியே வந்தேன். முகமூடியைக் கழற்றினால் ஒரே சிரிப்பு. திரையில் நான் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், சாலையைக் கடந்து, எதிர்வீட்டுக்காரன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன சமையல்னு பாத்துட்டு வந்தியா?" என்றான் ஒருவன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள எப்படிடா போன?"

"தவழ்ந்துதான். வேற எப்படிப் போவாங்க? சூடும் புகையும் மேலதான் நிக்கும். நிமிந்தா மண்டை வெந்துடும்."

"உங்க ஆபீசர் நடப்பீங்கன்னு சொன்னாரே?"

சொல்லித்தான் இருந்தார். முதல் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஆளுங்க புயல் மாதிரி நடப்பாங்க" என்று அளந்துவிட்டிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அக்கா மாதக்கணக்கில் புயல் மாதிரி நடந்திருக்கிறாள். தவழும்போது பாதம் எங்கே பதிகிறது? கால்விரல் தரையில் இழுபடும், முட்டி நகரும், அவ்வளவுதான். அக்காவின் காலை மட்டுமே பார்த்துப் பழகிய பெட்டி, என் காலைப் பார்த்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆபீசர் வானத்தைப் பார்த்தார், தாடி திருதிருவென்று முழித்தார்.

அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"தவழ்ந்து காட்டு."

"இப்பவா? டீ குடிச்சிட்டு..."

"காட்டுடா."

கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நான் முன்னால் தவழ்ந்தேன், அவள் பின்னால் தவழ்ந்தாள். ஒரு கை சுவரை விடக்கூடாது, மறு கையால் முன்னால் தரை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், ஒரு காலை மடக்கி மறு காலை இழுக்க வேண்டும். அக்காவுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. அவளைக் கூட்டிப்போக வந்த மாமா வாசலிலேயே நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். "அக்காவும் தம்பியும் ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சாச்சா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா அலுவலகத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில் தவழ்ந்தாள். சின்னப் பையன்களைத் தவழவிடலாம் என்று தாடி எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அவர்களும் தவழ்ந்தார்கள், மறுநாள் உடம்பு வலி என்று லீவு போட்டார்கள். அக்கா லீவு போடவில்லை. இரண்டு முழங்காலிலும் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே, தூணைச் சுற்றி, சரிவில் ஏறி, திரும்பவும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வாள். தாடி ஒவ்வொன்றையும் பதிவு செய்வார். கால் சொல்வதை நம்ப முடியாதபோது துணைக்கு இருக்கட்டும் என்று இடுப்பு பெல்ட்டில் இன்னொரு பெட்டியும் வைத்தார். அது ஒத்துவரும்வரை அக்கா தவழ்ந்தாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவல்காரர் ஒருவர், பாவம், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். "என்னம்மா தொலைச்சீங்க? நானும் தேடறேன்."

"இன்னும் தொலைக்கல," என்றாளாம் அக்கா. "அதுக்குத்தான் இந்தப் பாடு."

இதை என்னிடம் சொன்னவர் தாடி. அக்கா சொல்லவில்லை.

புதிய கருவி எங்களிடம் வந்த பிறகு ஒரு மெத்தைக் கிடங்கில் தீப்பிடித்தது. சரக்கெல்லாம் தரைக்குக் கீழே, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தளங்களில். மெத்தை எரிந்தால் வரும் புகை இருக்கிறதே, கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாது. நானும் இன்னொருவனும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முதல் அடித்தளத்துக்குள் போனோம். திரும்பி வரவும் அந்தக் குழாய்தான் வழி. அடுக்கி வைத்திருந்த மெத்தைகள் பின்னால் சரிந்து குழாய் மேலேயே விழுந்தன. குழாய் போயிற்று, வழியும் போயிற்று. கூட வந்தவன் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

கதவு இடது பக்கம் என்று என் மனம் அடித்துச் சொன்னது. சந்தேகமே இல்லை. அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தும் விட்டேன். அப்போது வெளியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீசர் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "அந்தப் பக்கம் போகாத! உனக்கு வலது பக்கம் கதவு. வலது!"

"இல்ல சார், இடதுதான். எனக்கு நல்லாத் தெரியும்."

"திரையில தெரியுதுய்யா! வலது!"

எதிர்வீட்டு அடுப்படியில் என்னை நிறுத்திய திரை அது. சாட்டிலைட்டோ, தாடியின் கணக்கோ எனக்கு ஞாபகம் வரவில்லை. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, காருக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தட்டிப் பார்க்கிற என் அக்கா வந்தாள். நான் இப்படித்தான் ஒரு நாள் கிடப்பேன் என்று முன்கூட்டியே வந்து கிடந்து பார்த்தவள். சரி என்று வலது பக்கம் திரும்பினேன். கூட வந்தவனும் திரும்பினான். எவ்வளவு தூரம் என்று தெரியாது. கையில் இரும்புக் கதவின் விளிம்பு தட்டியது.

இடது பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட் இருந்ததாம், கதவு திறந்தபடி, கூண்டு இல்லாமல், கீழ்த்தளம் வரை வெறும் குழியாக.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த அக்கா அழவில்லை, என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "வலது காலை அவ்வளவு இழுக்காதன்னு சொன்னேனா இல்லையா? பொட்டிக்குக் குழப்பம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து நேரமாயிற்று என்று சொல்லும்வரை விடவில்லை. என்னை அவ்வளவு நேரம் அவள் திட்டாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போயின. வயசு என்றார் டாக்டர், கார் நிறுத்தும் இடம் என்று எனக்கும் மாமாவுக்கும் தெரியும். கடைசியில் ஊன்றுகோல், அப்புறம் நாற்காலி, அப்புறம் படுக்கை. நடப்பதை உத்தியோகமாகப் பார்த்தவள் படுத்தே கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் போய்விட்டாள்.

சில நாள் முன்பு தாடி கூப்பிட்டு அனுப்பினார். தாடி இப்போது முழுக்க வெள்ளை. கருவியும் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. புதிதாக ஒன்றைச் செய்தால், வேறு எதற்கும் முன்னால் அக்காவின் பழைய பதிவுகளைத்தான் அதற்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். அவள் பாதையைச் சரியாகச் சொன்னால்தான் அடுத்த வேலை.

"பாக்கறீங்களா?" என்றார்.

இருட்டுத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி கிளம்பியது. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நடக்கிற வேகம் இல்லை. சுவரை ஒட்டிப் போயிற்று, ஒரு மூலையில் தடவித் தடவித் திரும்பிற்று. சரிவு ஏறும் இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"ஏன் நிக்குது?"

"இந்த இடத்துல எப்பவும் நிப்பாங்க. மூச்சு வாங்கும்."

புள்ளி மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் நினைவில்லை.

"போதும்க்கா, எந்திரி," என்றேன். "நான்தான் வெளிய வந்துட்டேன்ல."

அக்கா கேட்கவில்லை. என்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்?